சுறா வாங்கமுன் மல்லாத்திப் பாருங்கோ
(பேசிறவையின்ர பேருக்குப் பதிலா அவையின்ர கொழும்புப் பகுதியின்ர பேர்)

மட்டக்குளி:
பேலியகொடை மீன் சந்தையில "பால் சுறா" எண்டு குவிச்சிருக்கிறதெல்லாம் பால் சுறா இல்லை. பெரிய இனங்களின்ர குட்டியளும் அதுக்குள்ள கிடக்கும். மல்லாத்திப் போட்டு, நெஞ்சுச் செட்டை ரெண்டுக்கும் நடுவில பாருங்கோ. ஆறாத கீறல் ஒண்டு தெரிஞ்சால் அது கொப்பூழ்க்கொடி விழுந்த இடம். பிறந்து கனநாள் இல்லை. அதை வாங்காதேங்கோ. பால் சுறாவுக்கு மூக்கு நீண்டு கூராயிருக்கும், வாயோரத்தில நீளமான மடிப்பு. ரெண்டாவது முதுகுச் செட்டை சின்னன், கீழ குதச் செட்டை தொடங்கிற இடத்துக்கு நல்லாப் பின்தள்ளித்தான் அது தொடங்கும். 70–80 செ.மீ. வளர்ந்தால்தான் குட்டி போடும். சினைக்காலம் கிட்டத்தட்ட ஒரு வருசம், ஈத்துக்கு 1 முதல் 8 குட்டிதான். சாளை மாதிரி அள்ளினால் மிஞ்சாது.

கொட்டாஞ்சேனை:
தலையும் வாலும் வெட்டின துண்டையும் விடுங்கோ அண்ணை, என்ன இனமெண்டு ஆருக்குத் தெரியும்? உடம்பளவு நீள வாலுள்ள கசைவால் சுறாவைப் பிடிக்க இலங்கையில 2012இலேயே தடை. 2022இல பனாமாவில நடந்த சைற்றிஸ் (அருகிவாற உயிரினங்களின்ர சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்திற ஒப்பந்தம்) மாநாட்டில பால் சுறாவின்ர குடும்பம் முழுக்க இரண்டாம் பட்டியலுக்குப் போட்டுது. அது ஏற்றுமதிக்கான கட்டுப்பாடு, சந்தையில விக்கத் தடையில்லை.

முகத்துவாரம்:
கம்பி கட்டின தூண்டில் போட்டால் வாறதெல்லாம் மாட்டும். தங்கூசி, அதாவது நைலோன் நூல் எண்டால் பெரிய சுறா கடிச்சு அறுத்துக்கொண்டு போயிடும், அது நல்லதுதான். பிடிச்ச உடனே வாலடியில வெட்டி இரத்தம் வடிய விட்டு, குடல் எடுத்து, கிலோவுக்குக் கிலோ ஐஸ் போடவேணும். சுறாவின்ர இரத்தத்திலயும் சதையிலயும் யூரியா இருக்கு. வெக்கையில பக்டீரியா அதை அமோனியாவாக்கும். மூக்கைக் குத்துற மணம் அதுதான். கடலுக்குப் போய் ஒரே நாளில திரும்பிற வள்ளத்தில வந்ததைக் கேட்டு வாங்குங்கோ.

வெள்ளவத்தை:
லேசான மணமெண்டால் தேசிக்காய்ப்புளி விட்ட தண்ணியில அரை மணித்தியாலம் ஊறவிட்டால் அடங்கும். கண் எரியுற அளவெண்டால் எறியுங்கோ, எந்தத் தூளும் காப்பாத்தாது.

சுறா வறைக்கு அரைக் கிலோ காணும். கொதிதண்ணி ஊத்தி, தோலில இருக்கிற மணல் மாதிரிச் சொரசொரப்பைக் கத்தியால சுரண்டுங்கோ. துண்டு மூடுற அளவு தண்ணி, உப்பு, அரைத் தேக்கரண்டி மஞ்சள். 10 நிமிசம் அவிச்சால் போதும். கூட அவிஞ்சால் சதை நாராப் போகும். ஆறவிட்டு, தோலையும் நடுக் குருத்தெலும்பையும் எடுத்துப்போட்டு உதிர்த்து, துணியில போட்டு இறுக்கிப் பிழியுங்கோ. வறை களியாப் போறது முக்கால்வாசி இந்த இடத்திலதான். பிறகு ஒரு கப் தேங்காய்ப்பூ, ஒரு தேக்கரண்டி மிளகுதூள், அரைத் தேக்கரண்டி சீரகத்தூள் போட்டுப் பிசறுங்கோ. எண்ணெயில செத்தல், வெங்காயம், பச்சைமிளகாய், உள்ளி, கருவேப்பிலை வதங்கினதும் இதைக் கொட்டி, மெல்லிய நெருப்பில பொலபொலவெண்டு வரும்வரை பிரட்டவேணும். அடுப்பால இறக்கித்தான் தேசிக்காய் விடுறது. நெருப்பில விட்டால் கைக்கும்.

கொட்டாஞ்சேனை:
அக்கா, பிள்ளை பெத்தவைக்குக் குடுக்கலாமோ? ஊரில பால் சுரக்கும் எண்டு குடுக்கிறவை.

வெள்ளவத்தை:
வழமைதான், ஆனா சுறாவில பாதரசம் சேருது. பெரிசெண்டால் இன்னும் கூட. கர்ப்பிணியளுக்கும் பாலூட்டுறவைக்கும் சுறா வேண்டாமெண்டுதான் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமும் சொல்லுது. முருங்கையிலை வறையும் நெத்தலிச் சொதியும் குடுங்கோ.