புதுப்பிப்பு: பரிமாறும் வேலையிலிருந்து சொம்லியே ஆனேன்

உணவகத்தில் பரிமாறும் பெண் சொம்லியே, அதாவது ஒயினைத் தேர்ந்து பரிந்துரைப்பவர், ஆக என்ன வழி என்று போன வருடம் இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

டபிள்யூஎஸ்இடி என்ற ஒயின் படிப்பில் இரண்டாம் நிலை முடித்தேன்: 50 கேள்விகள், ஒரு மணி நேரம், 55 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. ஆனால் அதில் சுவைத்துக் காட்டும் தேர்வு கிடையாது. சான்றிதழைப் பார்த்து யாரும் அசரவில்லை.

கைகொடுத்தது, லேபிளை மறைத்து தினமும் இரண்டு ஒயினை முகர்ந்து எழுதச் சொன்ன அக்காவின் யோசனைதான். ஒருநாள் திறந்த பாட்டிலில் நனைந்த அட்டைப்பெட்டி வாடை, கார்க் கெட்டிருந்தது. விருந்தினருக்கு ஊற்றாமல் மாற்றினேன். அப்புறம்தான் மேலாளர் ஒயின் பட்டியலை என்னிடம் கொடுத்தார்.

எதிர்பாராதது எடை. 12 பாட்டில் பெட்டி 15 கிலோவுக்கு மேல்! ஒயினின் மணத்தை மறைத்துவிடும் என்பதால் வாசனைத் திரவியத்தையும் விட்டாயிற்று. “சொம்லியே சார் இல்லையா?” என்ற கேள்வி மட்டும் இன்னும் நிற்கவில்லை.