உதவி: தீனி மாத்தின பிறகு சின்ன நாய்க்கு வயித்தால போகுது

சாரல் (நாவற்குடா)

வணக்கம். பொமரேனியன் கலப்பு, பெண், வயது 2, நிறை 5 கிலோ. இவ்வளவு காலமும் சோறும் அவிச்ச மீனும்தான் சாப்பாடு. போன சனிக்கிழமை முழுக்க டோக் ஃபூட்டுக்கு மாத்தினோம். காலையும் பின்னேரமும் அவளின் வழமையான கோப்பை நிறைய. திங்கள் இரவிலிருந்து வயித்தால போகுது. ஒரு நாளைக்கு 6, 7 தரம், ஒவ்வொரு தரமும் கொஞ்சம்தான், கடைசியில சளி மாதிரி வருது. முக்கி முக்கி நிக்கிறாள். இன்று புதன் காலை மஞ்சள் நுரையா ஒரு சத்தி. வால் ஆட்டுறாள், தண்ணி குடிக்கிறாள், ஓட்டம் மட்டும் குறைவு. ஊசி போட்டிருக்கு. பாமசியில மனுசருக்குக் குடுக்கிற வயித்தோட்டக் குளிசை தந்தாங்க, இன்னும் குடுக்கல்ல. வீட்டில தயிர்சோறு குடுக்கச் சொல்றாங்க. என்ன செய்யலாம்? டோக் ஃபூட்டை நிப்பாட்டிப் பழைய சாப்பாட்டுக்கே போறதா?

எழுவான்கரை

தங்கச்சி, அந்தக் குளிசையைக் குடுக்க வேணாம். அப்படிக் குளிசையில வழமையா இருக்கிற லோப்பரமைட் குடலின் அசைவை நிப்பாட்டும். கிருமியோ நஞ்சோ காரணமென்றால் வெளியே போக வேண்டியது உள்ளேயே தங்கிவிடும். சில நாய்களுக்கு, முக்கியமா கோலி இனக் கலப்புள்ளவற்றுக்கு, அது மூளைக்கே ஏறும். மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மருந்தும் வைத்தியர் சொல்லாமல் வேணாம். சாதாரண வயித்தோட்டம் அது இல்லாமலே சுகமாகும். குடலில் இருக்கிற நல்ல கிருமிகளையும் அது கொன்றுவிடும். பரசிட்டமோல், புரூபன் பக்கம் போகவே வேணாம்.

முதல்ல அவளை வெளிச்சத்தில வைத்துப் பாருங்க. மேல் உதட்டைத் தூக்கி முரசில (பல் ஈறில) விரல் வைத்து அமத்தி எடுங்க. வெளிறின இடம் 2 செக்கனுக்குள்ள திரும்ப ரோசா நிறமாகணும். முரசு ஈரமா வழுக்கணும். விரலில ஒட்டினா உடம்பில தண்ணி குறைவு. தோளுக்கு மேலே தோலைக் கிள்ளி விட்டா உடனே படியணும். வெப்பமானி இருந்தா ஆசனவாயில வைத்துப் பாருங்க, 38 முதல் 39.2 பாகை செல்சியஸ் வரை சரி.

முரசு வெள்ளையாவோ மஞ்சளாவோ இருந்தா, மலம் தார் மாதிரி கறுப்பா இருந்தா, இரத்தம் நிறையப் போனா, குடிச்ச தண்ணியே சத்தியா வந்தா, வயிறு ஊதி இறுகியிருந்தா, தள்ளாடினா இதை வாசிச்சுக்கொண்டு இருக்க வேணாம், உடனே மிருக வைத்தியரிட்ட கொண்டு போங்க.

இதையும் சொல்லுங்க: ஊசி என்றது விசர்நாய் ஊசி மட்டுமா, பார்வோ, டிஸ்டெம்பர் என்ற வைரசு நோய்களுக்கான ஊசியும் போட்டதா? கடைசியா எப்ப பூச்சி மருந்து குடுத்தது? கடற்கரைப் பக்கம் அவிழ்த்து விட்டீங்களா? வலையில வந்த நஞ்சுள்ள பேத்தை மீனை மணலில எறிஞ்சிருப்பாங்க. அதைத் தின்றால் வாயூறி, சத்தி எடுத்து, கால் தளர்ந்து விழும், அதுக்கு வீட்டு வைத்தியமே கிடையாது.

படுவான்கரை

நீங்க சொன்ன குறிகள் பெருங்குடல் பக்கம் காட்டுது. கொஞ்சம் கொஞ்சமா, அடிக்கடி, முக்கிக்கொண்டு, சளியோட. சிறுகுடல் கோளாறென்றால் தடவை குறைவு, ஒவ்வொரு தரமும் தண்ணியா நிறையப் போகும், நாயும் வேகமா மெலியும். திடீர்த் தீனி மாற்றத்தில உங்கள் நாய்க்கு வந்த மாதிரி வாறது மிகச் சாதாரணம்.

இன்றைக்குச் செய்ய வேண்டியது: காலையில சத்தி எடுத்ததால 4 முதல் 6 மணித்தியாலம் சாப்பாடு வேணாம். ஒரு நாள் முழுக்கப் பட்டினி போடுறது பழைய முறை, 5 கிலோ நாய்க்கு அது சரிவராது. சின்ன உடம்பில சீனி சீக்கிரம் இறங்கிப் போகும். தண்ணி மட்டும் 15, 20 நிமிசத்துக்கு ஒருக்கா 2 தேக்கரண்டி. கோப்பை நிறைய வைத்தா ஒரே மூச்சில குடிச்சுத் திரும்பச் சத்தி எடுக்கும். ஜீவனியை (வயித்தோட்டத்துக்குக் கரைச்சுக் குடிக்கிற உப்புச் சீனித் தூள்) பைக்கற்றில போட்டிருக்கிற அளவுத் தண்ணியில கரைச்சு, அதே கணக்கில குடுக்கலாம். அரைவாசிப் பைக்கற்றைக் குத்துமதிப்பாக் கரைக்க வேணாம், உப்பின் அளவு பிழைக்கும். 24 மணித்தியாலத்துக்குப் பிறகு மிச்சத்தை ஊத்திவிடுங்க. குடிக்க மறுத்தா, ஊசி கழட்டின சிரிஞ்சால கன்னத்தின் பக்கவாட்டில சொட்டுச் சொட்டா விடுங்க. நேரே தொண்டைக்குள்ள அடிச்சா சுவாசப்பைக்குப் போயிடும்.

தண்ணி வயித்தில தங்கினா பிறகு சாப்பாடு. வெள்ளைப் பச்சையரிசி 40 கிராம், நிறையத் தண்ணியில குழைய அவிக்கணும். சிவப்பரிசி வேணாம், தவிடு இப்ப கூடாது. அதோட அவிச்ச மீன் 60 கிராம். எல்லாரும் கோழி என்று சொல்லுவாங்க, ஆனா உங்கள் நாய்க்குப் பழக்கம் மீன். குடல் கலங்கின நேரத்தில புது இறைச்சியைப் பழக்கத் தேவையில்லை. கொழுப்புக் குறைந்த திலாப்பியா நல்லது. உப்பு, மஞ்சள், வெங்காயம், உள்ளி, தேங்காய்ப்பால் எதுவும் சேராம வெறும் தண்ணியில அவிச்சு, முள்ளை விரலால ஒவ்வொன்றாத் தடவி எடுங்க. இது முதல் நாள் முழுக்கவுக்குமான அளவு. ஐந்தாப் பிரிச்சு 3 மணித்தியாலத்துக்கு ஒருக்கா வைங்க. பசியில பார்க்கும்தான், மனம் இரங்கிக் கூட்டிக் குடுத்தா அடுத்த நாளும் வயித்தால போகும்.

அவிச்சு மசிச்ச பூசணி ஒரு தேக்கரண்டி, இரண்டு வேளைக்குச் சேர்க்கலாம். அதிலுள்ள நார்ச்சத்து தண்ணியைப் பிடிச்சு மலத்தைத் திரட்டும்.

வாவிக்கரை

தயிர் நல்லதுதானே? எங்கட பக்கம் எல்லாரும் குடுக்கிற. செவ்விளநீரும் குடுக்கலாம் போல.

படுவான்கரை

தம்பி, நாட்டில வேற இடத்தில தயிர் எப்படியோ, எங்கட சட்டித் தயிர் எருமைப்பால் தயிர். பசுத்தயிரை விடக் கொழுப்பு நல்லாக் கூட. கலங்கின வயித்துக்கு அந்தக் கொழுப்புத்தான் பெரிய பாரம், சின்ன இன நாய்களுக்குக் கணையம் வீங்கக்கூட அது வழி செய்யும். பால்ச்சீனியும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். சுகமான பிறகு ஒரு தேக்கரண்டி குடுத்துப் பாருங்க, இப்ப வேணாம். செவ்விளநீரில பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. வயித்தோட்டத்தில போறது இரண்டும்தான், அதனால ஜீவனிக்குப் பதிலா அது நிக்காது.

சாரல் (நாவற்குடா)

நன்றி அண்ணா. பார்த்தேன்: முரசு ரோசா நிறம், அமத்தினா உடனே திரும்புது, தோலும் படியுது. தண்ணி தங்குது, பிறகு சத்தி இல்லை. இரத்தம் இல்லை. கடற்கரைக்குப் போகல்ல. குட்டியில ஐந்து நோய் ஊசி போட்ட அட்டை இருக்கு. பூச்சி மருந்து குடுத்து எட்டு மாதத்துக்கு மேல. டோக் ஃபூட் கடையில திறந்த மூட்டையிலிருந்து கிலோக் கணக்கில நிறுத்து வாங்கினது. கோப்பையை நிறுத்துப் பார்த்தேன், டோக் ஃபூட் நிரப்பினா 90 கிராம் வருது. அது கூடவா?

எழுவான்கரை

விசயம் அங்கதான் இருக்கு. அதே கோப்பையில சோறும் மீனும் ஏறக்குறைய 160 கிராம் பிடிக்கும். அதில பெரும்பகுதி தண்ணி, ஒரு கோப்பைக்கு 210 கிலோ கலோரி அளவில வரும். உலர் தீனி 90 கிராம்தான் பிடிக்குது, ஆனா 100 கிராமில 350 முதல் 380 கிலோ கலோரி இருக்கும். அப்ப ஒரு கோப்பை 320 அளவில. இரண்டு வேளைக்கு 640. கருத்தடை செய்த, வீட்டோட இருக்கிற 5 கிலோ நாய்க்கு நாள் முழுக்கவும் 330 முதல் 370 வரை போதும். கோப்பை மாறல்ல, சாப்பாடு ஏறக்குறைய ஒன்றரை மடங்காயிட்டுது, தேவையைப் பார்த்தா ஏறக்குறைய இரட்டிப்பு. கொழுப்பும் அவிச்ச மீன்சோற்றை விடப் பல மடங்கு. சமிக்காத மிச்சம் பெருங்குடலுக்கு இறங்கிப் புளிச்சு, தண்ணியை இழுத்து, சளியைச் சுரக்க வைக்கும். அதனால தீனியின் பெயரை மட்டும் பிழை சொல்லி வேற பைக்கற் வாங்கினா, அதே கோப்பையில அதே கதைதான் திரும்ப நடக்கும். தராசில நிறுத்துப் போடுங்க, அவளுக்கு ஒரு நாளைக்கு 90 முதல் 95 கிராம். பைக்கற்றிலுள்ள அட்டவணையையும் ஒருக்காப் பாருங்க, தீனிக்குத் தீனி கொஞ்சம் மாறும்.

நிறுத்து வாங்கின தீனியை மூக்குக்கிட்டப் பிடிச்சு மணந்து பாருங்க. பழைய எண்ணெய், வர்ண மை மணம் அடிச்சா கொழுப்பு கெட்டுப்போச்சு. எங்கட ஊர்க் காற்றில ஈரம் எப்பவும் கூட, மாரியில சொல்லவே வேணாம். திறந்த மூட்டையில பூஞ்சணமும் பிடிக்கும். பூஞ்சணம் விடுகிற நஞ்சு ஈரலைத் தாக்கும், அவிச்சாலும் போகாது. திகதியும் தெரியாது. அதை எறிஞ்சிட்டுச் சின்னப் பைக்கற் சீலோட வாங்குங்க. திறந்த பிறகு அந்தப் பையோடயே இறுக்கமான மூடி போட்ட வாளிக்குள்ள வைத்து, ஒரு மாதத்துக்குள்ள முடிச்சிடுங்க. வாளிக்குள்ள நேரே கொட்டினா அடியில பழைய எண்ணெய் படிஞ்சு புதுத் தீனியையும் கெடுக்கும்.

படுவான்கரை

பூச்சி மருந்துக்கு எட்டு மாதம் நீண்ட இடைவெளி, வளர்ந்த நாய்க்கு 3 மாதத்துக்கு ஒருக்கா நல்லது. ஆனா வயித்தால போகிற இன்றைக்கே குடுக்க வேணாம். மலம் இறுகினதும் நிறை பார்த்துக் குடுங்க. பத்துக் கிலோவுக்கு ஒரு குளிசை என்று போட்டிருந்தா உங்களுக்கு அரைக் குளிசை. நாடாப்புழு தெள்ளால வாறது, தெள்ளை விட்டிட்டு மருந்து மட்டும் குடுத்தா திரும்ப வரும்.

தீனி மாற்றத்தை இப்படிச் செய்யுங்க. மலம் உருவமா வந்து இரண்டு நாள் அப்படியே நிக்கட்டும். இந்த நாட்களில மீன்சோற்றை மெல்ல மெல்லக் கூட்டி ஒரு நாளைக்கு 250 கிராம் அளவுக்குக் கொண்டு வாங்க. பிறகு முதல் மூன்று நாள் உலர் தீனி 22 கிராம், மீன்சோறு 190 கிராம். அடுத்த மூன்று நாள் 45க்கு 125. அதுக்கடுத்த மூன்று நாள் 70க்கு 60. பிறகு முழுக்க உலர் தீனி. இடையில மலம் இளகினா முன்னைய படிக்குத் திரும்பி இரண்டு நாள் நில்லுங்க, முழுசா நிப்பாட்டத் தேவையில்லை. தொடக்கத்தில தீனியை இளஞ்சூட்டுத் தண்ணியில 10 நிமிசம் ஊற வைத்தா நல்லது. ஊறினதை அரை மணித்தியாலத்துக்கு மேல வெளியில வைக்க வேணாம், இந்த வெக்கையில புளிச்சிடும். உலர் தீனிக்கு மாறின நாய்க்குத் தாகம் கூடும், தண்ணிச் சட்டி எப்பவும் நிறைஞ்சிருக்கணும்.

பழைய மீன்சோற்றுக்கே போகலாமா என்றும் கேட்டிருந்தீங்க. சில நாளைக்குப் பிரச்சினையில்லை. வருடக் கணக்கில அது மட்டுமென்றால் கல்சியமும் சில விற்றமின்களும் குறைஞ்சு போகும். இந்த மாற்றம் நல்ல மாற்றம், மெல்லச் செய்யுங்க.

கல்முனை வாசகர்

இடையில கேட்கிறதுக்கு மன்னிக்கணும். பத்துக் கிழமைக் குட்டி, நேற்றிலிருந்து தண்ணி தண்ணியாப் போகுது, இரண்டு தரம் சத்தி, படுத்தே கிடக்கு. விசர் ஊசி போட்டாச்சு. இதே கஞ்சி முறையைச் செய்யலாமா?

எழுவான்கரை

இல்லை மகன், உங்கட குட்டிக்கு இது பொருந்தாது. இப்பவே தூக்கிக்கொண்டு போங்க. விசர்நாய் ஊசி பார்வோவுக்குப் பாதுகாப்பு இல்லை, அது வேற நோய், வேற ஊசி. பார்வோ ஊசி 6 முதல் 8 கிழமையில தொடங்கி, 3, 4 கிழமைக்கு ஒருக்காப் போட்டு, 16 கிழமை வரை போகணும். போடாத குட்டி சத்தியும் வயித்தோட்டமுமாப் படுத்தா பார்வோ என்றே எடுத்து நடக்கணும். சேலைன் ஏத்தித்தான் காப்பாத்தலாம், ஒவ்வொரு மணித்தியாலமும் பெறுமதி. போற வழியில துவண்டா சீனித் தண்ணியை விரலால முரசில தடவுங்க, வாய்க்குள்ள ஊத்த வேணாம். கொக்கிப்புழுவும் இந்த வயதில முரசை வெளுக்க வைக்கும், அதையும் வைத்தியர் பார்ப்பார். போன் பண்ணிச் சொல்லிட்டுப் போங்க, மற்ற நாய்களோட வரிசையில நிலத்தில விடாம கையிலயே வைத்திருங்க. வீட்டில மலம் பட்ட இடத்தை முதல்ல சவர்க்காரம் போட்டுக் கழுவிட்டு, ஒரு பங்கு வெளிற்றித் திரவத்துக்கு (பிளீச்) 30 பங்கு தண்ணி கலந்து ஊத்தி 10 நிமிசம் விடுங்க. மண்ணில அந்த வைரசு ஒரு வருடத்துக்கு மேலயும் கிடக்கும்.

சாரல் (நாவற்குடா)

இரவு மூன்று தரம் மீன்கஞ்சி குடுத்தேன், தங்குது. காலையில ஒருதரம்தான் போனாள், இன்னும் இளக்கம், சளி குறைவு. எதுவரை வீட்டில பார்க்கலாம்?

படுவான்கரை

நல்ல முன்னேற்றம். இப்படியே போனா வீட்டிலயே பார்க்கலாம். ஆனா நாளை வெள்ளி காலையிலயும் மலம் இளக்கமென்றால் காட்டிடுங்க, பின்னேரம் வரை இழுத்தா அரச கால்நடை வைத்திய அலுவலகம் சனி, ஞாயிறு பூட்டு. போகேக்க புது மலம் ஒரு தேக்கரண்டி, மண் படாம, சுத்தமான மூடி போட்ட போத்தலில எடுத்துக்கொண்டு போங்க. உடனே போக முடியாட்டி பிரிட்ஜின் கீழ்த்தட்டில வைங்க, உறைய விடக் கூடாது. சீக்கிரம் குடுத்தாத்தான் சியார்டியா மாதிரிக் குடல் கிருமிகள் சரியாத் தெரியும். ஊசி அட்டை, தீனிப் பையின் படம், என்ன மருந்து எத்தனை மணிக்குக் குடுத்தது என்ற விபரம் மூன்றும் கையில இருக்கட்டும். முரசோ கண்ணின் வெள்ளையோ மஞ்சளாத் தெரிஞ்சா வெள்ளி வரை நிக்க வேணாம், எலிக்காய்ச்சலாவும் இருக்கலாம். அப்ப மூத்திரத்தைக் கையுறை போட்டுத்தான் துடைக்கணும், மனுசருக்கும் தொத்தும்.