மறு: எமல்ஜெல் என்பதற்குத் தமிழ்ச்சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

எமல்ஜெல் என்பது எண்ணெய்த் துளிகள் கலந்த, தோலில் பூசும் ஜெல் மருந்து. பூஞ்சைத் தொற்றுக்குத் தாவர எண்ணெய் சேர்த்துச் செய்யும் எமல்ஜெல்லை 'எண்ணெய்க் களிம்பு' என்றாலே போதும் என்று இந்த மடலிழையில் ஐயா ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு அதில் உடன்பாடில்லை.

களிம்பு பெரும்பாலும் கொழுப்பையோ மெழுகையோ அடியாகக் கொண்டது. தோலில் பிசுக்காகத் தங்கும். படர்தாமரையும் சேற்றுப்புண்ணும் தொடை இடுக்கு, கால்விரல் இடை என ஈரம் தங்கும் இடங்களை நாடுபவை. அங்கே பிசுக்கு வேண்டாம் என்றுதான் நீரை அடியாகக் கொண்ட ஜெல்லுக்குப் போகிறார்கள். அதையே களிம்பு என்றால் செய்த வேலையெல்லாம் பெயரில் கெட்டுவிடும்.

ஜெல்லைக் 'களி' எனலாம்தான். ஆனால் மருந்துச்சீட்டில் களியும் களிம்பும் அடுத்தடுத்து வந்தால் நோயாளி எதை எடுப்பார்? 'இழுது' அழகான பழஞ்சொல். அதுவோ நெய்யையும் வெண்ணெயையும் குறித்தது.

என் தேர்வு 'கூழ்'. மாவைக் காய்ச்சினால் மணிகள் நீரை உறிஞ்சிப் பருக்கும். ஆறும்போது மாவுச்சத்து இழைகள் பின்னிக்கொண்டு நீரைப் பிடித்துவைக்கும். ஜெல்லும் இப்படி ஒரு வலைதான். ஜெல் செய்யப் பயன்படும் கார்போமர் என்ற பலபடித் (polymer) தூளை நீரில் கலக்கினால் அமிலத்தன்மையோடு நீர்த்தே கிடக்கும். டிரையெத்தனாலமைன் என்ற காரத்தைச் சில துளி விட்டு அமிலத்தைச் சமன்செய்ததும் அதன் சங்கிலிகள் எதிர்மின்னேற்றம் பெற்று, ஒன்றையொன்று தள்ளி விரிகின்றன. நூற்றுக்கு 1 பங்கு தூளே மீதி நீரையெல்லாம் கட்டிவிடும். கூழ்மம் (ஒரு பொருள் நுண்துகள்களாக இன்னொன்றில் பரவிய கலவை, colloid) பொதுப்பெயர், கூழ் அதில் ஒரு வகை என்ற உறவும் தானே அமைகிறது.

அப்படியானால் 'எண்ணெய்க்கூழ்' எனலாமே என்பீர்கள். கூடாது. எண்ணெயே வலைக்குள் கட்டுண்டு நிற்கும் ஓலியோஜெல்லுக்கு அந்தப் பெயர் வேண்டும். எமல்ஜெல்லில் எண்ணெய் நுண்துளிகளாக நீருக்குள் சிதறி, அதாவது பால்மமாகி, அந்தப் பால்மம் கூழாகிறது. எனவே 'பால்மக்கூழ்'. ஒரே சொல்லாகவே எழுதலாம்.

இன்னொன்று. இழையில் ஒருவர் 'tea tree oil' என்பதைத் 'தேயிலை எண்ணெய்' என்று எழுதியிருந்தார். ஆய்வுகளில் வருவது மெலலூக்கா ஆல்டர்னிஃபோலியா மரத்தின் இலையெண்ணெய். பூஞ்சையை எதிர்க்கும் டெர்பினென்-4-ஆல் என்ற வேதிப்பொருள் அதில்தான் மிகுதி. நாம் குடிக்கும் தேயிலைக்கும் அதற்கும் உறவே இல்லை. 'மெலலூக்கா எண்ணெய்' என்றே வைத்துக்கொள்வோம். வேம்பெண்ணெய் போல ஆவியாகாத எண்ணெயோடு இதைச் சேர்த்துப் பேசும்போது 'ஆவியாகும் எண்ணெய்' என்ற அடைமொழியையும் விடாதீர்கள். மூடி சரியில்லாத குழாயில் மருந்தே பறந்துபோகும்.

'பால்மக்கூழ்' என்பதில் குறை தெரிந்தால் மருந்தியல் படித்தவர்கள் தயங்காமல் எழுதுங்கள்.