புதுப்பிப்பு: விரிசல் விட்ட பீங்கான் பாப்பிப் பூக்கள், தீர்வு கிடைத்தது

எங்கள் அடுக்குமாடி புளோக் மக்கள் சேர்ந்து முன்னாள் படைவீரர்களுக்காகச் செய்யும் பீங்கான் பாப்பிப் பூக்கள் (போரில் இறந்தவர்களை நினைவுகூரும் சிவப்புப் பூ) காயும்போதே அடியில் விரிசல் விடுகின்றன, தப்பியதில் சில சூளையில் வெடிக்கின்றன என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

"விசிறியை அணைத்துவிட்டு மெதுவாகக் காயவிடுங்கள்" என்றவர் சொன்னதுதான் சரி. சிங்கப்பூர் ஈரப்பதத்தில் மண் எங்கே காயப்போகிறது என்று நான்தான் விசிறிக்கு நேரே வைத்திருந்தேன். மெல்லிய இதழ் முதலில் காய்ந்து சுருங்க, தடித்த நடுப்பகுதி ஈரமாகவே நிற்க, இடையில் பிளந்துவிட்டது. இப்போது நடுவையும் குடைந்து மெல்லிசாக்கி, பிளாஸ்டிக் தாளைத் தளர்வாகப் போர்த்தி ஒரு வாரம் விட்டோம். 60 பூவில் 3 மட்டுமே விரிசல்.

வெடித்ததற்குக் காரணம் நான் நினைத்த காற்றுக்குமிழி அல்ல, தங்கிய ஈரம். சூளையை 100 டிகிரிக்குக் கீழேயே இரவு முழுவதும் வைத்து, அப்புறம் சூடேற்றினோம். ஒன்றுகூட வெடிக்கவில்லை. இதழ்களை வினிகர் கலந்த மண்குழம்பால் ஒட்டியதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

எதிர்பாராத தொல்லை, பூவுக்குத் தண்டாகக் கம்பி செருகும் துளை. சுட்டால் மண் சுருங்கும் என்பதை மறந்து 6 மில்லிமீட்டர் கம்பிக்கு 6 மில்லிமீட்டர் துளையே போட்டிருந்தோம். போதாததற்குச் சிவப்பு கிளேஸ் (சுட்டால் கண்ணாடிபோல் பளபளக்கும் பூச்சு) வேறு உள்ளே வழிந்து அடைத்துவிட்டது. அடுத்த சுற்றுக்கு 8 மில்லிமீட்டர், கிளேஸ் ஒட்டாமலிருக்க உள்ளே மெழுகு.

முதல் உலகப் போரில் இறந்த வீரர்களின் நினைவாக 2014-இல் லண்டன் கோபுரத்தைச் சுற்றி 888,246 பீங்கான் பாப்பிகளை வைத்தார்கள். எங்களுக்கு 60-க்கே முதுகு போய்விட்டது.