பரிதாபி வருடத்து ஓலை: பாரமகால் கர்ணம் ஒருவரின் பூர்வீகத்தை அறிவது எப்படி?

பாலக்கோட்டுக்காரன் (கேள்வி):
அனைவருக்கும் வணக்கம். பாலக்கோட்டை அடுத்த சிற்றூரில் தலைமுறைகளாகக் கர்ணம் (ஊர்க் கணக்கு) பார்த்த குடும்பம் எங்களுடையது. 1980இல் அந்தப் பதவி ஒழிக்கப்பட்டபோது என் தாத்தாவோடு அது முடிந்தது. எங்களுக்குத் தெரிந்த முதல் மூதாதை கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி மன்றோ துரைக்கு வலக்கையாக இருந்து மானியம் பெற்றவர் என்பார் பெரியப்பா. அத்தையோ, அவர் குடிகளை வெயிலில் குனிய வைத்து வரி வாங்கிய கொடியவர் என்று தம் பாட்டி சொன்னதாகச் சொல்கிறார். பரணில் இருந்த தகரப்பெட்டியில் ஓர் ஓலை கிடைத்தது. 'பரிதாபி வருடம் ஐப்பசி மாதம்' என்று தொடங்கும் அது, கணவனை இழந்த தம்பி மனைவிக்குக் கொஞ்சம் புன்செய்யும், கிணற்றில் வாரம் இரண்டு நாள் கவலை ஓட்டும் (மாடு பூட்டி நீர் இறைக்கும்) முறையும் எழுதிக் கொடுக்கிறது. இவர் எங்கிருந்து வந்தார், எப்படிப்பட்டவர்?

பழைய கணக்கு:
முதலில் ஆண்டை உறுதி செய்யுங்கள். பரிதாபி 60 ஆண்டுக்கு ஒருமுறை வரும்; 1792இலும் வந்தது, 1852இலும் வந்தது. திப்பு சுல்தானுடன் 1792 மார்ச்சில் ஏற்பட்ட உடன்படிக்கையால் பாரமகால் (இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பகுதி) கம்பெனி வசம் வந்தது. அதை நிர்வகித்த அலெக்சாண்டர் ரீடின் உதவியாளராக மன்றோ இங்கே 1799 வரை இருந்தார். ஆகவே பெரியப்பா சொல்வது நடந்திருக்கக்கூடியதுதான். (உங்கள் ஊர் தேன்கனிக்கோட்டைப் பக்கம் என்றால் நடந்திருக்காது, அந்தச் சீமை 1799இல்தான் கம்பெனிக்குக் கிடைத்தது.) ஓலையில் பசலி (வரிக் கணக்கு ஆண்டு) எண் இருந்தால் 590ஐக் கூட்டி ஆங்கில ஆண்டைப் பாருங்கள். தொகை வராகன், பணம் என்ற பழைய நாணயங்களில் இருக்கிறதா, ரூபாயிலா என்பதும் முக்கியம். சென்னை ராஜதானியில் 1818க்குப் பிறகு ரூபாயே அரசுக் கணக்கு நாணயம்.

கிருஷ்ணகிரி வாசகி:
மானியம் உண்மையென்றால், மானிய நிலங்களை விசாரிக்க 1858இல் தொடங்கிய இனாம் கமிஷனின் பதிவேட்டில் முதலில் கொடுத்தவர் யார், பெற்றவர் யார், அப்போது அனுபவித்தவர் யார் என்பது இருக்க வேண்டும். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கிராமப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். பூர்வீகத்துக்கு ஆவணத்தைவிட உங்கள் குலதெய்வம் நன்றாக வழிகாட்டும்: முதல் முடி எங்கே இறக்குகிறீர்கள், இப்போதுள்ள கோயிலுக்குப் பிடிமண் (மூலக் கோயிலிலிருந்து எடுத்துவரும் மண்) எங்கிருந்து வந்தது, பழைய சம்பந்தங்கள் எந்த ஊர்களில் என்று வீட்டுப் பெண்களிடம் விசாரியுங்கள். ஆண்கள் பட்டங்களைத்தான் நினைவில் வைத்திருப்பார்கள்.

பழைய கணக்கு:
குணத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பேரனுக்குத் தாத்தா பெயரை வைக்கும் வழக்கத்தால், இரண்டு ஆட்கள் ஒருவராகிப் போன வீடுகள் பல. வெயிலில் குனிய வைப்பது, விரல்களைக் கிட்டியில் (மர இடுக்கியில்) நெரிப்பது ஆகியவற்றைச் சென்னை ராஜதானியில் விசாரித்த சித்திரவதைக் கமிஷன் 1855இல் அறிக்கை தந்தது. அத்தையின் கதை அந்தத் தலைமுறைப் பேரனுடையதாக இருக்கலாம். அப்படியென்றால் பெரியப்பாவும் அத்தையும் ஒருவரையொருவர் மறுக்கவே இல்லை.

பாலக்கோட்டுக்காரன்:
மிக்க நன்றி. ஓலையை எண்ணெய் தடவி மீண்டும் படித்தோம். பசலி எண் இல்லை. ஆனால் கிணற்றுச் செலவு கண்டீராயப் பணத்தில் (பழைய மைசூர் நாணயம்) எழுதப்பட்டிருப்பதால் 1792 என்றே சாய்கிறேன். மன்றோ பெயர் எங்கும் வரவில்லை. குலதெய்வம் கோலார்ப் பக்கம் என்று அத்தை சொன்னார். பெரியப்பாவுக்கு அது தெரியாது. கடைசி வரியை மட்டும் யாரும் இதுவரை படித்திருக்கவில்லை: கவலை ஓட்ட அந்த அம்மாளிடம் மாடு இல்லாவிட்டால், தன் மாட்டையே கொடுப்பதாக எழுதியிருக்கிறார்.