விக்கிப்பீடியாவில் எங்கள் நிறுவனப் பக்கம் பழசாகவே இருக்கிறது, திருத்தம் கேட்டும் பதில் இல்லை. என்ன செய்யலாம்?

நொய்யல்:
வணக்கம். கோவையில் பம்பும் மோட்டாரும் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் மக்கள் தொடர்பு வேலை பார்க்கிறேன். பெயர் இங்கே வேண்டாம். ஆங்கில விக்கிப்பீடியாவில் எங்களைப் பற்றி ஒரு கட்டுரை பல வருடமாக இருக்கிறது. நிர்வாக இயக்குநர் மாறிவிட்டார், பக்கத்தில் பழைய பெயர்தான். மூடிவிட்ட ஒரு ஆலை இன்னும் ஓடுவதாக எழுதியிருக்கிறது. ஊழியர் எண்ணிக்கையும் பழைய கணக்கு.

இன்னொரு சிக்கல். எங்கள் ஃபவுண்டரிக்கு, அதாவது உலோகம் வார்க்கும் வேறொரு ஆலைக்கு, ஒரு அரசுத் துறை நோட்டீஸ் கொடுத்து உற்பத்தியை நிறுத்தியது பற்றி ஒரு பத்தி இருக்கிறது. நடந்தது உண்மைதான். ஆனால் பிறகு புகை வடிகட்டும் கருவிகளை மாற்றி, அனுமதி வாங்கி, ஆலை மறுபடி ஓடுகிறது. அது கட்டுரையில் எங்கேயும் இல்லை. அந்தப் பத்தியையே எடுக்கச் சொல், முடியாவிட்டால் வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாம் என்கிறார் எம்.டி.

நிறுவனத்தில் வேலை செய்பவர்கள் நேரடியாகத் திருத்தக் கூடாது என்று படித்ததால் கட்டுரையில் கை வைக்கவில்லை. உரையாடல் பக்கத்தில் (கட்டுரையைப் பற்றி விவாதிக்கும் பக்கம்) புதிதாக எழுதிய முழுக் கட்டுரையையும் போட்டு, "பழையதை எடுத்துவிட்டு இதை வைக்கவும்" என்று கேட்டேன். வாரக்கணக்கில் ஒரு சத்தமும் இல்லை. இதற்கிடையில் ஒரு ஏஜென்சி மெயில் அனுப்பியிருக்கிறது: விக்கி நிர்வாகிகள் தங்களிடம் இருக்கிறார்களாம், பணம் கட்டினால் ஒரே வாரத்தில் மாற்றித் தருவார்களாம்.

தமிழ் விக்கியிலும் எங்களைப் பற்றி ஒரு சின்னக் கட்டுரை இருக்கிறது. அதற்கும் இதே வழிதானா?

மலைக்கோட்டை:
முதலில் மூன்று விஷயம் சொல்லுங்கள். கோரிக்கையின் மேலே திருத்தக் கோரிக்கைக்கான வார்ப்புரு, அதாவது அதற்கென்று இருக்கும் ஆயத்தக் குறியீடு, போட்டீர்களா? உங்கள் பயனர் பக்கத்தில் எங்கே வேலை செய்கிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்களா? கணக்கு யார் பெயரில் இருக்கிறது?

நொய்யல்:
வார்ப்புரு எதுவும் போடவில்லை அண்ணா, சும்மா எழுதிக் கையெழுத்து மட்டும் போட்டேன். பயனர் பக்கம் காலி. கணக்கு எனக்கு முன் இருந்தவர் தொடங்கியது, நிறுவனத்தின் பெயரிலேயே இருக்கிறது. கடவுச்சொல் டீமில் எல்லோரிடமும் உண்டு.

மலைக்கோட்டை:
சரி, இப்போது புரிகிறது. யாரும் உங்களை ஒதுக்கவில்லை. உங்கள் கோரிக்கை யார் கண்ணிலும் படவில்லை, அவ்வளவுதான். எடிட் சிஓஐ என்ற வார்ப்புருவை இரட்டை நெளிவு அடைப்புக்குறிக்குள் போட்டால்தான் அந்தக் கோரிக்கை ஒரு பொதுப் பட்டியலில் ஏறும். தன்னார்வலர்கள் அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் ஒவ்வொன்றாக எடுப்பார்கள். வங்கியில் டோக்கன் எடுக்காமல் கவுன்டர் எதிரே உட்கார்ந்திருந்தால் யார் கூப்பிடுவார்கள்? அதே நிலைமைதான் உங்களுக்கு. சிஓஐ என்பது கான்ஃப்ளிக்ட் ஆஃப் இன்ட்ரெஸ்ட், அதாவது நலன் முரண் என்பதன் சுருக்கம். வார்ப்புருவைக் கையால் போட வரவில்லையென்றால் எடிட் ரிக்வெஸ்ட் விசார்ட் என்ற பக்கம் இருக்கிறது. அது கேள்வி கேட்டுக் கேட்டு உங்களுக்காகவே நிரப்பிவிடும்.

அதற்கு முன் கணக்கைச் சரி செய்யுங்கள். ஒரு கணக்கு ஒரு ஆளுக்குத்தான். பலர் சேர்ந்து பயன்படுத்துவதும், வெறும் நிறுவனப் பெயரைப் பயனர் பெயராக வைப்பதும் ஆங்கில விக்கியில் தடைக்குப் போகும். பழைய கணக்கை அப்படியே விட்டுவிட்டு உங்களுக்கென்று ஒன்று தொடங்குங்கள். உங்கள் பெயரோடு நிறுவனத்தின் பெயரையும் சேர்த்து, இன்னார் இன்ன நிறுவனத்திலிருந்து என்கிற மாதிரி வைத்தால் ஏற்றுக்கொள்வார்கள். முன்பு நிறுவனப் பெயரில் எழுதிய கணக்கும் உங்கள் அலுவலகத்தினுடையதுதான் என்பதைப் புதுப் பயனர் பக்கத்தில் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். பிறகு வேறு யாராவது கண்டுபிடித்துக் கேட்பதைவிட இது நல்லது.

அப்புறம் முக்கியமானது, அறிவிப்பு. விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளையின் பயன்பாட்டு விதிகளில் 2014 ஜூன் முதல் இது கட்டாயம். பணம் பெற்றுப் பங்களிப்பவர் தன் முதலாளி யார், வாடிக்கையாளர் யார், என்ன தொடர்பு என்பதைச் சொல்ல வேண்டும். திருத்துவதற்கென்று தனியாகப் பணம் வாங்கவில்லையே என்று சிலர் கேட்பார்கள். மாதச் சம்பளம் வாங்கும் வேலையின் பகுதியாக இதைச் செய்தாலே அது பணம் பெற்ற பங்களிப்புதான். பயிற்சிக்கு வந்த மாணவரைக் கொண்டு செய்தாலும் அதே கணக்கு.

கடலோரம்:
மலைக்கோட்டை சொன்னதெல்லாம் சரி. ஆனால் வார்ப்புருவைப் போட்டு அதே கோரிக்கையை மறுபடி வைத்தால் மறுத்துவிடுவார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். நான் ஆங்கில விக்கியில் இந்தப் பட்டியலில் அவ்வப்போது வேலை செய்கிறேன். "முழுக் கட்டுரையையும் மாற்றுங்கள்" என்று வந்தால், பழையதில் எந்த வாக்கியம் போகிறது, எது புதிதாக வருகிறது, எதற்கு எது ஆதாரம் என்று நான்தான் உட்கார்ந்து பிரிக்க வேண்டும். ஒரு மாலை நேரம் முழுக்க அதிலேயே போய்விடும். பட்டியலோ எப்போதும் நீளமாகத்தான் இருக்கும். அதனால் சிறிதாக, தெளிவாக இருப்பதைத்தான் எவரும் முதலில் எடுப்பார்கள்.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் நான்கு விஷயம் இருந்தால் போதும். கட்டுரையில் எந்த இடம், இப்போது என்ன இருக்கிறது, என்ன வர வேண்டும், எதை வைத்துச் சொல்கிறீர்கள். எம்.டி. பெயர், ஆலை மூடியது, ஊழியர் எண்ணிக்கை மூன்றையும் ஒரு கோரிக்கையாக முதலில் வையுங்கள். ஃபவுண்டரி விஷயத்தைத் தனியாகப் பிறகு வையுங்கள். சர்ச்சை உள்ளதையும் சாதாரணமானதையும் கலந்து வைத்தால், சாதாரணமானதும் சேர்ந்து தேங்கிவிடும்.

நொய்யல்:
மிக்க நன்றி. ஆதாரம் பற்றி ஒரு சந்தேகம். எங்கள் இணையதளத்தைக் காட்டலாமா? எங்களைப் பற்றிப் பத்திரிகைகளில் வந்தவை நிறைய கைவசம் இருக்கின்றன. அறிமுகப் பத்திக்கு நான் எழுதி வைத்திருப்பது இது: "தென்னிந்தியாவின் முன்னணிப் பம்பு உற்பத்தியாளரான இந்நிறுவனம், புதுமைக்கும் தரத்துக்கும் பெயர் பெற்றது, விவசாயிகளின் நம்பிக்கையை வென்றது."

கடலோரம்:
அந்த அறிமுகப் பத்தியை விட்டுவிடுங்கள். முன்னணி என்று யார் சொன்னது, பெயர் பெற்றது என்று யார் எழுதியது, நம்பிக்கையை வென்றதை யார் அளந்தது? ஒன்றுக்கும் வெளி ஆதாரம் காட்ட முடியாது. "கோயம்புத்தூரைத் தலைமையிடமாகக் கொண்டு நீரேற்றுப் பம்புகளும் மின் மோட்டார்களும் தயாரிக்கும் நிறுவனம்" என்றால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். வாசகருக்கு வேண்டிய தகவலும் அதுதான்.

உங்கள் இணையதளம், ஆண்டறிக்கை, பங்குச் சந்தைக்குக் கொடுத்த அறிவிப்பு ஆகியவற்றை எம்.டி. பெயர், ஊழியர் எண்ணிக்கை மாதிரியான சாதாரண விவரத்துக்குக் காட்டலாம். நிறுவனத்தைப் பற்றிய மதிப்பீட்டுக்கு அவை செல்லாது. இணையதளத்து வாக்கியங்களை அப்படியே ஒட்டவும் கூடாது, அது பதிப்புரிமை மீறல் ஆகிவிடும்.

பத்திரிகைச் செய்திகளில் கவனம் வேண்டும். இந்தியப் பத்திரிகைகளில் காசு கொடுத்து வரும் செய்தி எவ்வளவு என்பது ஆங்கில விக்கி ஆசிரியர்களுக்கு நன்றாகத் தெரியும். அதற்கென்றே தனியாக எச்சரிக்கைக் குறிப்பு எழுதி வைத்திருக்கிறார்கள். செய்தியின் கீழே ஸ்பான்சர்டு, பிராண்ட் டெஸ்க் என்றோ, இதில் எங்கள் செய்தியாளர் யாருக்கும் பங்கில்லை என்றோ சின்ன எழுத்தில் இருந்தால் அதைத் தொடாதீர்கள். நீங்கள் அனுப்பிய செய்திக்குறிப்பு வார்த்தை மாறாமல் வந்திருந்தாலும் அப்படித்தான். கையில் இருப்பதையெல்லாம் ஒரு முறை சலித்துவிட்டு, செய்தியாளர் சொந்தமாக விசாரித்து எழுதியதை மட்டும் எடுத்து வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை: கோரிக்கையைப் பார்க்க வருபவர் கட்டுரை முழுவதையும் படிப்பார். சுதந்திரமான, விரிவான ஆதாரமே இல்லை என்று பட்டால், தனிக் கட்டுரை வைக்கும் அளவுக்குக் குறிப்பிடத்தக்கமை போதாது என்று நீக்கல் விவாதத்துக்கு வைக்கவும் கூடும். இதை எம்.டி.யிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வேப்பங்கிளை:
ஏஜென்சி மெயில் பற்றி யாரும் பேசவில்லையே. மேடம், தயவுசெய்து பணம் கட்டாதீர்கள். விக்கி நிர்வாகிகள் அந்த விக்கியின் தன்னார்வலர்கள் தேர்ந்தெடுத்தவர்கள். காசுக்கு அந்த அதிகாரத்தைப் பயன்படுத்துவது தெரிந்தால் பதவி போய்விடும். மெயிலில் சொல்வது பொய்யாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

2015 ஆகஸ்டில் ஆரஞ்ச்மூடி என்ற பெயரில் ஒரு மோசடி வெளியே வந்தது. ஒன்றோடொன்று தொடர்புடைய 381 கணக்குகளை ஆங்கில விக்கி ஒரேயடியாகத் தடை செய்தது. அவர்கள் செய்த வேலை இதுதான்: ஏற்கப்படாமல் கிடந்த வரைவுகளைத் தேடி, சம்பந்தப்பட்ட சிறு நிறுவனங்களைத் தொடர்புகொண்டு, பணம் தந்தால் கட்டுரையை ஏற்றுவோம் என்பார்கள். ஏறிய பிறகு, அது அழியாமல் பாதுகாக்க மாதாமாதம் பணம் கேட்பார்கள். அந்தக் கட்டுரைகள் 200க்கு மேல் நீக்கப்பட்டன. பணமும் போய், கட்டுரையும் போனது. அதற்கு முன் 2013இல் விக்கி-பிஆர் என்ற நிறுவனத்தோடு தொடர்புடைய நூற்றுக்கணக்கான கணக்குகளும் இப்படித்தான் தடைபட்டன. வெளியே ஆள் வைத்துச் செய்வதே குற்றமில்லை. தான் யாருக்காக எழுதுகிறேன் என்று விக்கியிலேயே அறிவித்துவிட்டு, உரையாடல் பக்கத்தில் கேட்பவராக இருந்தால் சரி. ஒரு வாரத்தில் முடித்துத் தருகிறேன் என்று உறுதி கொடுப்பவர் அந்த வழியில் போகிறவர் இல்லை.

மலைக்கோட்டை:
வக்கீல் நோட்டீஸ் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சட்டப்படி போவது நிறுவனத்தின் உரிமை. ஆனால் உரையாடல் பக்கத்தில் "வழக்குப் போடுவோம்" என்று ஒரு வரி எழுதினாலே, அந்த மிரட்டலைத் திரும்பப் பெறும்வரை கணக்கைத் தடை செய்துவிடுவார்கள். அங்கே அந்த வார்த்தையே வர வேண்டாம். இன்னொன்று, வழக்குப் போட்டால் செய்தி அடங்காது. ஏ.என்.ஐ. செய்தி நிறுவனம் 2024 ஜூலையில் விக்கிமீடியா அறக்கட்டளை மீது டெல்லி உயர் நீதிமன்றத்தில் அவதூறு வழக்குத் தொடுத்தது. அந்த வழக்கைப் பற்றியே விக்கியில் தனிப் பக்கம் வந்தது. உயர் நீதிமன்ற உத்தரவின்படி அக்டோபரில் அதை முடக்கினார்கள். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. நாடு முழுக்க அதைப் பற்றிப் பேசினார்கள். உங்கள் ஃபவுண்டரி பத்தியை இன்று எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று எம்.டி.யிடம் கேளுங்கள்.

பத்தியை நீக்கச் சொன்னால் நடக்காது. நாளிதழ் ஆதாரத்தோடு இருக்கிறது, நடந்ததும் உண்மை என்று நீங்களே சொல்கிறீர்கள். ஆனால் கதை பாதியில் நிற்கிறது, முடிவு இல்லை என்பது நியாயமான குறை. அதைக் கேளுங்கள். ஆலை மறுபடி திறந்ததைப் பற்றி எங்காவது செய்தி வந்ததா?

நொய்யல்:
வந்தது. ஒரு தமிழ் நாளிதழின் கோவைப் பதிப்பில் மட்டும். இணையத்தில் இல்லை, அச்சுப் பிரதி அலுவலகத்தில் இருக்கிறது.

மலைக்கோட்டை:
அதுவே போதும். ஆதாரம் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும் என்றோ இணையத்தில்தான் இருக்க வேண்டும் என்றோ விதி இல்லை. நாளிதழின் பெயர், பதிப்பு, தலைப்பு, தேதி, பக்க எண் கொடுங்கள். முக்கியமான வாக்கியத்தைத் தமிழில் அப்படியே எழுதி, ஆங்கில மொழிபெயர்ப்பையும் சேர்த்துக் கொடுத்தால் பார்ப்பவருக்கு எளிது. கோரிக்கையை ஏறத்தாழ இப்படி வையுங்கள், ஆங்கிலத்தில்தான்:

"வரலாறு பகுதி, மூன்றாம் பத்தி, கடைசி வாக்கியத்துக்குப் பிறகு இதைச் சேர்க்கவும்: 'மாசு தடுப்புக் கருவிகள் பொருத்தப்பட்ட பின், ஆலையை மீண்டும் இயக்க அனுமதி வழங்கப்பட்டது.' காரணம்: கட்டுரை உற்பத்தி நிறுத்தத்தோடு முடிகிறது, அதன் பிறகு நடந்தது இடம்பெறவில்லை. ஆதாரம்: இணைத்துள்ளேன். நான் இந்த நிறுவனத்தின் ஊழியர்."

கோபமோ புகழ்ச்சியோ வேண்டாம். ஒரு வாக்கியத்துக்கு ஒரு வாக்கியம்.

தமிழ் விக்கி பற்றிக் கேட்டீர்கள். அதற்கும் அதே பயன்பாட்டு விதிகள்தான், அறிவிப்பு அங்கேயும் வேண்டும். 2003இல் தொடங்கியது, ஆனால் தொடர்ந்து எழுதுபவர்கள் குறைவு. கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் கேட்டுவிட்டு, சில நாள் பார்த்து, ஆலமரத்தடி என்ற பொது உரையாடல் பக்கத்தில் பணிவாக ஒரு குறிப்புப் போடுங்கள். அங்கே பார்த்து யாராவது செய்துகொடுப்பார்கள்.

நொய்யல்:
நிலவரம் சொல்ல வந்தேன். புதுக் கணக்கு, அறிவிப்பு எல்லாம் முடித்து, நீங்கள் சொன்னபடி இரண்டு கோரிக்கையாகப் பிரித்து வைத்தேன். எம்.டி. பெயரும் ஆலை மூடியதும் மாறிவிட்டன. ஊழியர் எண்ணிக்கையில் எந்த ஆண்டுக் கணக்கு என்று கேட்டார்கள். ஆண்டறிக்கையின் பக்க எண் கொடுத்தேன், அதுவும் ஏறிவிட்டது. ஃபவுண்டரி கோரிக்கைக்கு இன்னும் பதில் இல்லை, ஆனால் பட்டியலில் தெரிகிறது. எம்.டி.யிடம் பேசினேன். நீக்கச் சொல்வதை விட்டுவிட்டார்.

இப்போது புது லோகோவை ஏற்றச் சொல்கிறார். என் கணக்கில் ஏற்ற முடியவில்லை. அதோடு, கூகுளில் தேடினால் பக்கவாட்டுப் பெட்டியில் இன்னும் பழைய எம்.டி. பெயர்தான் வருகிறது.

கடலோரம்:
ஆங்கில விக்கியில் படம் ஏற்ற, கணக்கு தொடங்கி 4 நாளும் 10 திருத்தமும் ஆகியிருக்க வேண்டும். காத்திருக்க வேண்டாம், கோப்பு ஏற்றக் கோருவதற்கென்று தனிப் பக்கம் இருக்கிறது, அங்கே லோகோவின் இணைப்பைக் கொடுங்கள். விக்கிமீடியாவின் பொதுப் படக் களஞ்சியமான காமன்ஸில் "சொந்தப் படைப்பு" என்று குறித்து ஏற்றிவிடாதீர்கள், நீக்கிவிடுவார்கள். பதிப்புரிமை உள்ள லோகோ, ஆங்கில விக்கிக்குள் மட்டும், நியாயப் பயன்பாடு என்ற பிரிவில், சிறிய அளவில்தான் இருக்கலாம்.

கூகுள் பெட்டி விக்கியின் கையில் இல்லை. விக்கிமீடியாவின் தரவுத் தளமான விக்கித்தரவில் உங்கள் நிறுவனத்தின் பதிவில் பழைய பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதன் உரையாடல் பக்கத்தில் ஆதாரத்தோடு கேளுங்கள், அங்கேயும் அறிவிப்பு வேண்டும். கூகுளில் நிறுவனத்தின் சார்பாக அந்தப் பெட்டியை உரிமை கோரிவிட்டு, அங்கிருந்தே திருத்தம் பரிந்துரைக்கவும் வழி இருக்கிறது. ஃபவுண்டரி கோரிக்கையை மட்டும் இடையில் மாற்றி எழுதாதீர்கள், இருக்கிறபடியே விடுங்கள்.