கேமராவா, கதவு நிலையா? எதை முதலில் பார்ப்பது?

நிலைவாசல்:
போன மாதம் எங்கள் வீட்டில் திருட்டுப் போய்விட்டது. இரண்டு நாள் வெளியூர் போயிருந்தோம், அதற்குள். வாசலுக்கு மேலே கேமரா இருந்தது, பதிவும் இருக்கிறது. தொப்பியும் முகமூடியும் போட்ட ஒரு ஆள் கதவு இடுக்கில் கடப்பாரையைக் கொடுத்து நெம்புகிறான். எண்ணிப் பார்த்தேன், 11 விநாடி. போனில் எச்சரிக்கை வந்தபோது நான் தூங்கிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் பூட்டில் ஒரு கீறல்கூட இல்லை, நாக்கு நீட்டியபடியே நிற்கிறது. பெயர்ந்து விழுந்தது, அந்த நாக்கு போய் உட்காருவதற்காக நிலையில் அடித்திருந்த தகடு. அதைப் பிடித்திருந்த ஸ்க்ரூ இரண்டும் தரையில் கிடந்தன, 2 செ.மீ. கூட நீளம் இல்லை, மரை முழுக்க மரத்தூள். இவ்வளவு நாள் அதை நம்பித்தான் தூங்கியிருக்கிறோம். கேமரா வாங்கும் முன் கதவைப் பாருங்கள்.

கண்காணி:
படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. ஆனாலும் உங்கள் முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. கேமராவைத் தலைக்கு மேலே மாட்டினால் தொப்பிதான் தெரியும். அழைப்பு மணி பக்கத்தில், முகம் படும் உயரத்தில் ஒன்று வேண்டும், கதவு திறந்தால் அலறும் சைரனும் கூட வேண்டும். ஒருநாள் மத்தியானம் யாரோ மணி அடித்தார்கள், நான் வேலை இடத்திலிருந்தே போனில் "யாருங்க?" என்று கேட்டேன், பதில் சொல்லாமல் போய்விட்டார்கள். ஆள் இருக்கிறாரா என்று பார்க்கத்தான் வந்திருப்பார்கள் என்பது என் கணிப்பு. மேரி வான் பிரிட்டன் பிரவுன் என்ற நர்ஸ் நியூயார்க்கில் 1966-இல் இதற்குத்தானே காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்? கதவைத் திறக்காமலேயே வெளியே நிற்பது யார் என்று படுக்கையறைத் திரையில் பார்க்கிற ஏற்பாடு. 1969-இல் காப்புரிமை கிடைத்தது.

நிலைவாசல்:
அவர் வீட்டுக்குள் இருந்தபடி பார்த்தார். நான் கேட்பது ஆள் இல்லாத வீட்டைப் பற்றி. ஐரோப்பாவில் கதவுகளைச் சோதிக்க ஈ.என். 1627 என்று ஒரு தரநிலை இருக்கிறது. அதில் ஆர்.சி. 2 வகைக் கதவு கருவியோடு வரும் ஆளை 3 நிமிடம் தாங்க வேண்டும், ஆர்.சி. 3 என்றால் 5 நிமிடம். உடைக்கவே முடியாது என்று அதுவும் சொல்லவில்லை, நேரத்தைத்தான் கணக்கு வைக்கிறது. என் கதவு தாங்கியது 11 விநாடி. அதற்குள் உங்கள் சைரனைக் கேட்டு யார் ஓடி வருவார்?

மரவேலை:
கதவு மாட்டுவதுதான் என் பிழைப்பு. நிலைவாசல் சொல்வது சரி, ஆனால் பாதிதான். தகட்டுக்கு 7 செ.மீ.க்குக் குறையாத ஸ்க்ரூ போட்டு, நிலையைத் தாண்டிப் பின்னால் இருப்பதையும் பிடிக்க வேண்டும். அப்புறம் கீல் பக்கம். வெளிப்பக்கம் திறக்கும் கதவென்றால் கீலின் ஊசி வெளியே தெரியும், அதைத் தட்டிக் கழற்றினால் பூட்டுக்கு வேலையே இல்லை. கீல் பக்க விளிம்பில் ஒரு முளை வைத்து, கதவு மூடும்போது அது நிலைக்குள் போகும்படி செய்தால் ஊசி போனாலும் கதவு கழன்று வராது. நகரும் ஜன்னலை மேலே தூக்கிப் பாருங்கள், நிறைய வீட்டில் தடத்தை விட்டு அப்படியே கையோடு வந்துவிடும். கண்ணாடியில் டெம்பர்டு உடைந்தால் பொலபொலவென்று கொட்டிவிடும், லேமினேட்டடு விரிசல் விட்டாலும் விடாமல் நிற்கும். முன்கதவைப் பலப்படுத்திவிட்டுப் பின்கதவை அப்படியே விடுகிறவர்கள்தான் அதிகம், எத்தனை சொன்னாலும் கேட்பதில்லை.

வெண்மதி:
எல்லாரும் உள்ளே வராமல் தடுப்பதையே பேசுகிறீர்கள், வெளியே போவதை யாரும் நினைக்கவில்லை. என் சித்தி வீட்டில் உள்பக்கமும் சாவி போட்டுத் திறக்கும் பூட்டு. ஒரு ராத்திரி மின்கசிவில் வீடெல்லாம் புகை, சாவி எந்தப் பையில் இருக்கிறது என்று தெரியாமல் இருட்டில் துழாவியிருக்கிறார். உயிர் பிழைத்தார், சரி. உள்பக்கம் சாவி இல்லாமல் கையால் திருப்பித் திறக்கிற மாதிரி வையுங்கள். ஜன்னல் கம்பியிலும் ஒன்றாவது உள்ளிருந்து திறக்க வேண்டும். திருடனுக்குப் பயந்து வீட்டைக் கூண்டாக்கிவிடாதீர்கள்.

மரவேலை:
இதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். உள்ளே கைத்திருகி, வெளியே சாவி. பக்கத்தில் கண்ணாடி இருந்தால் உடைத்துக் கைவிட்டுத் திருப்புவார்கள், அங்கே லேமினேட்டடு கண்ணாடி போடுங்கள்.

நிலைவாசல்:
கண்காணிக்கு ஒன்று. 2016-இல் மிராய் என்ற தீம்பொருள், வாங்கியபோது இருந்த கடவுச்சொல்லையே மாற்றாத கேமராக்களில் புகுந்து அவற்றை வைத்தே இணையத் தாக்குதல் நடத்தியது. காவலுக்கு வைத்ததே அடுத்தவன் கைக்குப் போய்விட்டது.

கண்காணி:
அது கடவுச்சொல்லை மாற்றாததால் வந்தது, கேமராவால் அல்ல. பதிவுப் பெட்டியை டிவிக்குப் பக்கத்தில் வைத்தால் அதையும் தூக்கிக்கொண்டு போவார்கள், அதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பதிவு இல்லாமல் உங்களுக்கு அந்த 11 விநாடி எப்படித் தெரிந்திருக்கும்? எனக்கு இரண்டும் வேண்டும். முதலில் எது என்றால், இன்னமும் கேமரா என்றுதான் சொல்வேன்.

நிலைவாசல்:
நான் கதவு என்றுதான் சொல்வேன். இப்போதுதான் பின்கதவுத் தகட்டைக் கழற்றினேன், அதே குட்டை ஸ்க்ரூ. மரவேலை அண்ணா, நிலைக்குப் பின்னால் செங்கல் சுவர், நீள ஸ்க்ரூ மட்டும் போட்டால் பிடிக்குமா?

மரவேலை:
பிடிக்காது. துளை போட்டு, நிலையோடு சேர்த்துச் சுவரைப் பிடிக்கிற ஆங்கர் போடுங்கள். செங்கல் இடுக்குக் காரையில் போடாதீர்கள், செங்கல்லிலேயே இறங்க வேண்டும்.